ஒன்பது பேர் பழையவர்கள், ஒருத்தி மட்டும் புதியவள்: 'ஸ்ட்ரீட்கார்' மேடையிலிருந்து திரைக்கு வந்த கதை

1950 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில், வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவுக்குள் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' படப்பிடிப்பு தொடங்கியது. டென்னசி வில்லியம்ஸ் எழுதிய நாடகம் அது. நியூயார்க்கில் 855 முறை மேடையேறி, புலிட்சர் பரிசும் வாங்கியிருந்தது. மேடையில் இயக்கிய எலியா கசானே படத்தையும் இயக்கினார். மேடை நடிகர்களில் ஒன்பது பேர் படத்துக்கும் வந்தார்கள். மார்லன் பிராண்டோ, கிம் ஹன்டர், கார்ல் மால்டன் மட்டுமல்ல, வாசலில் பூ விற்றுவிட்டுப் போகும் மெக்சிகோக் கிழவியாக நடித்த எட்னா தாமஸ்கூட அதே ஆள்தான். முக்கியப் பாத்திரங்களில் ஆள் மாறியது ஒன்றே ஒன்றில், கதையின் நடுவில் நிற்கும் பிளான்ச் டுபுவாவில்.

நியூயார்க்கில் பிளான்ச்சாக நடித்தவர் ஜெசிகா டாண்டி. படத்தில் விவியன் லீ. சினிமா ரசிகர்களுக்கு டாண்டியின் பெயர் தெரியாது, லீயின் பெயர் உலகத்துக்கே தெரியும். மாற்றத்துக்குக் காரணம் அவ்வளவுதான். டாண்டிக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வசூலுக்காக எடுத்த அந்த முடிவுதான் இந்த நாடகத்துக்கு மேடையில் கைநழுவிப் போன ஒன்றைத் திரையில் மீட்டுத் தந்தது என்பது என் உறுதியான எண்ணம். எது கைநழுவியது என்று புரிய, 1947-க்குப் போக வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மிசிசிப்பி மாநிலத்து லாரல் ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்த பிளான்ச், 'பெல் ரீவ்' என்ற குடும்பப் பண்ணையைக் கடனில் இழந்துவிட்டு, நியூ ஆர்லியன்ஸில் தங்கை ஸ்டெல்லாவின் வீட்டுக்கு வருகிறாள். இரண்டே அறை, நடுவில் ஒரு திரைச்சீலை. தங்கையின் கணவன் ஸ்டான்லி கோவால்ஸ்கி ஆலைத் தொழிலாளி, முரடன். அவள் மறைக்கும் கடந்த காலத்தை அவன் தோண்டி எடுக்கிறான். அவளை மணக்க நினைத்த மிட்ச் விலகிப் போகிறான். ஸ்டெல்லா பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருக்கும் இரவில் ஸ்டான்லி அவளைப் பலாத்காரம் செய்கிறான். மனம் உடைந்த பிளான்ச்சை மனநல விடுதிக்குக் கூட்டிப் போகிறார்கள்.

மேடையில் சாய்ந்த தராசு

நாடகத்தைத் தயாரித்தவர் ஐரீன் மேயர் செல்ஸ்னிக். எம்ஜிஎம் ஸ்டூடியோவின் லூயி பி. மேயருக்கு மகள், 'கான் வித் த விண்ட்' தயாரித்த டேவிட் செல்ஸ்னிக்கை மணந்து பிரிந்தவர். ஸ்டான்லி வேடத்துக்கு அவர் முதலில் பேசியது ஜான் கார்ஃபீல்டிடம். கார்ஃபீல்ட் அப்போதே பெரிய சினிமா நட்சத்திரம், வயது 34. ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. அதன் பிறகுதான் கசான் 23 வயது பிராண்டோவை நாடக ஆசிரியரிடம் அனுப்பினார். வில்லியம்ஸ் அப்போது மாசசூசெட்ஸ் கடற்கரையில் பிராவின்ஸ்டவுனில் தங்கியிருந்தார். கசான் பஸ்ஸுக்குக் கொடுத்த இருபது டாலரைச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு, வழியில் வண்டிகளை மறித்து ஏறிச் சில நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார் பிராண்டோ. வீட்டில் விளக்கு எரியவில்லை, கழிவறை அடைத்திருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டுத்தான் வசனத்தை வாசிக்க உட்கார்ந்தார்.

வாசிப்பைக் கேட்ட வில்லியம்ஸ் தன் ஏஜென்ட் ஆட்ரி வுட்டுக்குக் கடிதம் எழுதினார். ஸ்டான்லியின் வயதைக் குறைத்தது எவ்வளவு நல்லது என்று அதில் சொல்கிறார். வயதானவனிடம் இருந்தால் அது வேண்டுமென்றே செய்யும் கொடுமை, இளைஞனிடம் இருந்தால் இளமையின் முரட்டுத்தனம். இப்போது பாத்திரத்துக்கு மனிதத்தன்மை வந்துவிட்டது என்பது அவர் வாதம். நாடக ஆசிரியராக அவர் கண்டது சரி. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது, அது மேடையில்தான் தெரியவந்தது.

1947 டிசம்பர் 3 அன்று எதல் பேரிமோர் தியேட்டரில் திரை விலகியது. பார்வையாளர்கள் பிராண்டோவிடம் மயங்கிப் போனார்கள். ஸ்டான்லி பிளான்ச்சைக் குத்திப் பேசும் இடங்களில் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். எழுத்தில் தோற்கப் போகிறவள் பக்கம் நிற்க வேண்டிய நெஞ்சு, அரங்கில் அடிக்கிறவன் பக்கம் போனது. விமர்சகரும் இயக்குநருமான ஹெரால்ட் கிளர்மன் இதை அப்போதே கண்டு எழுதினார்: பார்வையாளர்களின் ஒத்துழைப்போடு நாடகம் ஸ்டான்லியின் வெற்றியாக மாறிவிடுகிறது என்று. பிறகு ஊர் ஊராகப் போன குழுவை ஊட்டா ஹேகனை பிளான்ச்சாக வைத்து கிளர்மனே இயக்கியபோது, தராசு பிளான்ச் பக்கம் திரும்பியது.

டாண்டி குறைந்த நடிகை இல்லை. வில்லியம்ஸின் ஓரங்க நாடகம் ஒன்றில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் நடித்ததைப் பார்த்துத்தான் வில்லியம்ஸே அவரைத் தேர்ந்தெடுத்தார். அந்த வேடத்துக்கு டோனி விருதும் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு விதமாக நடித்த பிராண்டோவுக்கு எதிரே, ஒவ்வொரு இரவும் அளந்து நடித்த டாண்டி நின்றார். மேடையில் பார்வையாளர் கண் எங்கே போக வேண்டும் என்று இயக்குநர் கட்டளையிட முடியாது. கண், எப்போது என்ன செய்வான் என்று தெரியாதவன் மேலேயே நின்றது.

படம் எடுக்க மனமில்லாத இயக்குநர்

உரிமையை வாங்கியவர் சார்லஸ் ஃபெல்ட்மன் என்ற ஏஜென்ட். வார்னர் பிரதர்ஸ் சேர்ந்துகொண்டது. கசானுக்கு முதலில் ஆர்வமே இல்லை. ஒரே பொருளில் இரண்டு முறை உயிரைக் கொடுக்க முடியாது என்று தள்ளிப்போட்டார். கேட்டது வில்லியம்ஸ் என்பதால்தான் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதும், நாடகத்தைப் படமாக்கும் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். நான்கு சுவருக்குள் இருந்த கதையை வெளியே இழுத்து, பிளான்ச் லாரலில் வாழ்ந்த வாழ்க்கை, பண்ணை கைவிட்டுப் போனது, ஊரை விட்டுத் துரத்தப்பட்டது என்று காட்சி காட்சியாகத் திரைக்கதை எழுத வைத்தார். சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு எடுத்துப் படித்தபோது அது செத்துக் கிடந்தது. அவள் வாயால் அரைகுறையாகச் சொல்லும் வரைதான் அந்தக் கடந்த காலத்துக்குப் பலம். கண்ணால் பார்த்துவிட்டால் அவள் சொல்வது பொய்யா மெய்யா என்ற கேள்வியே எழாது. நெருக்கம்தான் நாடகத்தின் வலிமை என்று கண்டு, எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நாடகத்துக்கே திரும்பினார் கசான்.

வெளியே போனது கொஞ்சம்தான். ரயில் நிலையத்தில் புகைக்குள்ளிருந்து பிளான்ச் வருகிறாள், அது நியூ ஆர்லியன்ஸிலேயே எடுத்தது. தங்கையைப் பௌலிங் விளையாட்டுக் கூடத்தில் சந்திக்கிறாள். கூச்சலிட்டுச் சண்டைபோடும் கும்பலுக்கு நடுவில் ஸ்டான்லியை முதன்முதலாகத் தூரத்திலிருந்து பார்க்கிறாள். மிட்ச்சோடு ஏரிக்கரைப் படகுத்துறையில் ஒரு காட்சி, ஆலையில் ஒரு சிறு காட்சி. மீதி எல்லாம் அந்த இரண்டறை வீடும் அதன் முற்றமும் மாடிப்படியும்.

லீ வந்து சேர்ந்த விதம்

ஸ்டூடியோ பிராண்டோவையும் ஹன்டரையும் மால்டனையும் ஏற்றுக்கொண்டதே பெரிது. பிராண்டோ அதுவரை நடித்திருந்தது 'த மென்' என்ற ஒரே படம். மற்ற இருவரை வைத்து ஒரு டிக்கெட்கூட விற்க முடியாது என்பது விநியோகக்காரர்களின் கணக்கு. ஆகவே தலைப்பில் ஒரு பெரிய பெயர் வேண்டும். ஒலிவியா டி ஹாவிலாண்டின் பெயர் அடிபட்டது. கடைசியில் லீ.

லீயிடம் பெயரும் இருந்தது, பழக்கமும் இருந்தது. 'கான் வித் த விண்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். 1949 அக்டோபரில் லண்டன் ஆல்ட்விச் தியேட்டரில் இதே நாடகத்தில் பிளான்ச்சாக நடித்தவர். இயக்கியது அவர் கணவர் லாரன்ஸ் ஒலிவியர். அங்கே 326 காட்சிகள் ஓடின. படத்துக்காக அவருக்கு ஒரு லட்சம் டாலர் பேசினார்கள். பிராண்டோவுக்கு 75,000.

இப்போது படப்பிடிப்புத் தளத்தை எண்ணிப் பாருங்கள். ஒன்பது பேர் மாதக்கணக்காக ஒரே மேடையில் வியர்த்தவர்கள். ஒருவர் எப்போது மூச்சு விடுவார் என்று இன்னொருவருக்குத் தெரியும். அவர்களில் முக்கியமானவர்கள் பாத்திரத்தை உள்ளிருந்து தோண்டும் புதிய நடிப்பு முறையில் வளர்ந்தவர்கள். கசான், 1947-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஆக்டர்ஸ் ஸ்டூடியோவை நிறுவிய மூவரில் ஒருவர். அவர்களுக்கு நடுவே, டார்ஜிலிங்கில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்து, குரலையும் கையசைவையும் திட்டமாகச் செதுக்கி நடிக்கப் பழகிய ஒரு நட்சத்திரம் தனியாக வந்து இறங்குகிறார். கதைப்படி பிளான்ச்சும் அப்படித்தான் வந்து இறங்குகிறாள், ஏற்கெனவே ஒட்டி வாழும் ஒரு கூட்டத்துக்குள், வேறு பேச்சும் வேறு நடையும் கொண்டவளாக.

டாண்டியும் லண்டனில் பிறந்தவர்தான். ஆகவே இங்கிலாந்துக்காரர் என்பது இதில் விஷயமில்லை. டாண்டி ஒத்திகையின் முதல் நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒருவர். லீ வெளியாள்.

முதல் சில வாரங்கள் உரசலிலேயே போயின. "லண்டனில் லாரியும் நானும் செய்தபோது..." என்று, கணவர் ஒலிவியரைச் செல்லப்பெயரால் குறிப்பிட்டு, லீ ஆரம்பிப்பார். இப்போது நீங்கள் அதை என்னோடு செய்கிறீர்கள் என்று கசான் நினைவூட்டுவார். ஒலிவியரும் அதே நேரத்தில் ஹாலிவுட்டில்தான் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். பகலில் கசான் கலைத்ததை இரவில் ஒலிவியர் மீண்டும் அடுக்கிவிடுவாரோ என்ற கவலை இயக்குநருக்கு இருந்திருந்தால் வியப்பில்லை. பிராண்டோவுக்கோ லீயின் மரியாதைப் பேச்சே எரிச்சல். காலை வணக்கம் சொல்லிக்கொண்டே வருகிறாரே என்று முகம் சுளித்தார்.

பிறகு பனி உருகியது. பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய சுயசரிதையில் கசான், லீயின் திறமை சிறியது என்று கூசாமல் எழுதிவிட்டு, சிறக்க வேண்டும் என்ற வெறி இவ்வளவு இருந்த நடிகையை நான் கண்டதில்லை, உதவும் என்றால் கண்ணாடித் துண்டுகள் மேல்கூடத் தவழ்ந்திருப்பார் என்கிறார். முதல் பாதியை நான் ஏற்கமாட்டேன். திரையில் அவர் செய்ததைச் சிறிய திறமையால் செய்ய முடியாது. இரண்டாம் பாதி ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது.

பிளான்ச்சும் ஸ்டான்லியும் முதன்முதலாகப் பேசும் காட்சியைப் பாருங்கள். அவன் வேர்த்த பனியனை அவள் முன்னாலேயே கழற்றி மாற்றுகிறான். வெளியே பூனை ஒன்று கத்துகிறது, அவள் துள்ளி எழுகிறாள், அவன் அவள் கையைத் தொட்டுப் பூனை மாதிரியே கத்திக் காட்டுகிறான். பிராண்டோ வசனத்தை மென்று பாதியை விழுங்குகிறார், உடம்பைச் சொறிகிறார், அடுத்த சொல் வருமா வராதா என்று நமக்கே தெரியவில்லை. லீயோ ஒவ்வொரு சொல்லையும் உதட்டின் நுனியில் வைத்து ஒப்பனை செய்து அனுப்புகிறார். வேறு படமாக இருந்தால் இந்த இரண்டு நடிப்பும் ஒட்டவில்லை என்று குறை சொல்வோம். இங்கே ஒட்டாமல் போவதுதான் கதை. பிளான்ச் வாழ்நாள் முழுக்க நடிக்கிறவள். அந்த நடிப்புத்தான் அவளிடம் மிஞ்சிய ஒரே சொத்து. ஸ்டான்லி நடிக்கத் தெரியாதவன், நடிப்பவர்களைக் கண்டால் பொறுக்காதவன். டாண்டி விவரமாக நடித்துக் காட்ட வேண்டியிருந்ததை, லீ வந்து நின்ற அளவிலேயே படம் சொல்லிவிடுகிறது.

கேமராவும் சேர்ந்துகொண்டது. மேடையில் தப்பிப் போன கண்ணைக் கசான் இப்போது பிடித்து வைத்தார். பெல் ரீவ் பத்திரங்களுக்காக ஸ்டான்லி அவள் பெட்டியைக் குடைந்து, இறகுச் சால்வையையும் பொய் நகையையும் வாரி இறைக்கும்போது சிரிப்பு இப்போதும் வருகிறது. ஆனால் அடுத்த ஷாட் அவள் முகத்துக்குப் போகிறது, சிரித்தவனுக்குத் தொண்டை அடைக்கிறது. பிறந்தநாள் விருந்தில் ஸ்டான்லி தட்டை ஒரே வீச்சில் துடைத்து எறிவதும் அப்படித்தான். படம் முழுக்க, சிரித்ததற்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சுருங்கும் அறை, எரியும் பல்பு

கலை இயக்குநர் ரிச்சர்ட் டே செய்த வேலை நடிப்புக்கு இணையானது. வீட்டின் சுவர்களை நகர்த்தும்படி கட்டினார். கதை போகப் போகச் சுவர்கள் உள்ளே தள்ளப்பட்டு, அறை உண்மையிலேயே சிறிதாகிக்கொண்டே போனது. பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை, கவனிக்கவும் கூடாது. கடைசி அரைமணி நேரத்தில் காரணம் புரியாமல் மூச்சுமுட்டினால், இதுதான் காரணம். அரங்கப் பொருள்களைச் சேர்த்த ஜார்ஜ் ஜேம்ஸ் ஹாப்கின்ஸும் டேயும் ஆஸ்கர் வாங்கினார்கள்.

ஒளிப்பதிவாளர் ஹாரி ஸ்ட்ராட்லிங்குக்குக் கதையே வேலை வைத்திருந்தது. பிளான்ச்சுக்கு வெளிச்சம் பகை. வந்ததும் மொட்டை பல்புக்குச் சீனக் காகிதக்கூடு மாட்டச் சொல்கிறாள். பகலில் மிட்ச்சைச் சந்திக்கமாட்டாள். உண்மை தெரிந்துவிட்ட மிட்ச் ஓர் இரவு அந்தக் கூட்டைக் கிழித்து, அவள் முகத்தைப் பிடித்துப் பல்புக்கு நேரே திருப்புகிறான். தனக்கு யதார்த்தம் வேண்டாம், மாயம் வேண்டும் என்று அவள் சொல்வது இங்கேதான். அதுவரை படம் முழுக்க நிழலும் இலைப்பின்னலும் அசையும் ஒளியுமாக லீயின் முகத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஸ்ட்ராட்லிங், இந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார். நட்சத்திர நடிகை ஒருவர், அதுவும் அழகுக்காகவே பெயர் பெற்றவர், தன் முகத்தை அப்படிக் கொடுக்க ஒப்புக்கொண்டார் என்பதை நினைத்தால் கசானின் 'சிறிய திறமை' மேல் எனக்கு மீண்டும் கோபம் வருகிறது. மிட்ச்சாக நடித்த மால்டனையும் இங்கே சொல்ல வேண்டும். கெட்டவன் இல்லாத ஒருவன், ஏமாந்த வலியில் கெட்டதைச் செய்வதை இவ்வளவு கூச்சத்தோடு நடித்தவர்கள் அபூர்வம்.

உடைகள் லூசிண்டா பல்லார்ட். பிராண்டோவின் டி-ஷர்ட்டுகளைத் துவைத்துச் சுருக்கி, உடம்போடு ஒட்டப் பிடித்துத் தைத்தார். உள்ளாடையாக இருந்த ஒன்று உலக இளைஞர்களின் மேலாடையானதில் அந்தத் தையலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இசை அலெக்ஸ் நார்த். நியூயார்க் மேடையில் கசானோடு வேலை செய்துவிட்டு வந்தவர். ஹாலிவுட் அப்போது சோகத்துக்கு வயலின் கூட்டத்தையே நம்பியிருந்தது. நார்த் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸையும் புளூஸையும் படத்தின் ரத்த ஓட்டமாக வைத்தார். பிளான்ச்சின் தலைக்குள் மட்டும் கேட்கும் வார்சோவியானா நடனமெட்டு தனி. இறந்துபோன இளம் கணவன் தன்னைச் சுட்டுக்கொண்ட இரவில் ஒலித்த மெட்டு அது, துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகுதான் நிற்கும். இந்த இசையில் ஒரு பகுதி பிறகு கத்தரிக்கு இரையானது. அந்தக் கதை இந்தப் படத்தின் பெரிய காயம்.

இரண்டு கத்தரிகள்

முதல் கத்தரி, ஹாலிவுட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட தணிக்கை விதி. அதை நடத்தியவர் ஜோசப் பிரீன். அவருக்கு மூன்று இடங்களில் ஆட்சேபம்: பிளான்ச்சின் கணவன் ஆண்களை விரும்பியவன் என்பது, அவள் பல ஆண்களோடு பழகியது, பலாத்காரம். கணவன் விஷயத்தில் படம் பணிந்தது. அவன் மென்மையானவன், கவிதை எழுதுவான், வேலையில் நிற்கமாட்டான், அவனை நான் வெறுத்துப் பேசினேன், அவன் செத்தான் என்று மட்டும் பிளான்ச் சொல்கிறாள். நாடகம் தெரிந்தவர்களுக்கு அந்த வெற்றிடம் உறுத்தும். லீயின் குரல் நடுக்கம் சொல்லாததைப் பாதி சொல்லிவிடுகிறது என்றாலும், ஒருவனை ஏன் அவ்வளவு வெறுத்தாள், அந்தக் குற்றவுணர்வு ஏன் அவளை இப்படித் தின்கிறது என்பதன் வேர் இங்கே அறுந்துபோனது.

பலாத்காரக் காட்சியில் கசானும் வில்லியம்ஸும் பணியவில்லை. வில்லியம்ஸ் பிரீனுக்கு எழுதிய கடிதம் நாடக வரலாற்றில் புகழ்பெற்றது. அந்த நிகழ்வு நாடகத்தின் அச்சு, அது இல்லாவிட்டால் நாடகத்துக்குப் பொருளே இல்லை, மென்மையானவற்றை நவீன சமூகத்தின் முரட்டு சக்திகள் சூறையாடுவதுதான் இதன் கரு என்று அவர் வாதாடினார். காட்சி தங்கியது. கண்ணாடி ஒன்று நொறுங்குகிறது, அடுத்த ஷாட்டில் தெருவைக் கழுவும் குழாயிலிருந்து நீர் பீறிடுகிறது. பதிலுக்குக் கொடுத்த விலை முடிவில் இருந்தது: ஸ்டான்லி தண்டிக்கப்பட வேண்டும், மனைவியின் அன்பை இழந்து.

நாடகத்தின் முடிவு கொடியது. பிளான்ச் போன பிறகு ஸ்டெல்லா அழுகிறாள், ஸ்டான்லி அவளை அணைத்துத் தேற்றுகிறான், அவன் விரல்கள் அவள் ரவிக்கையைத் தேடுகின்றன, மேசையில் நண்பர்கள் அடுத்த சீட்டாட்டத்தைத் தொடங்குகிறார்கள். வாழ்க்கை எதையும் பொருட்படுத்தாமல் நகர்கிறது. படத்தில் ஸ்டெல்லா கைக்குழந்தையிடம், இனி அந்த வீட்டுக்குள் போகவே மாட்டோம் என்று சொல்லிவிட்டு, மாடியில் இருக்கும் யூனிஸ் வீட்டுக்குப் படியேறி ஓடுகிறாள். கீழே ஸ்டான்லி அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறான்.

படம் முடிந்தது, தணிக்கைச் சான்றும் கிடைத்தது. அப்போதுதான் இரண்டாவது கத்தரி வந்தது. கத்தோலிக்கர்களுக்குப் படங்களைத் தரம் பிரித்துச் சொல்லும் லீஜன் ஆஃப் டீசன்சி அமைப்பு, இதைக் கண்டிக்கப்பட்ட படம் என்று அறிவிக்கப் போகிறது என்ற செய்தி ஸ்டூடியோவுக்கு எட்டியது. அப்படி அறிவித்தால் கோடிக்கணக்கான கத்தோலிக்கர்கள் படத்துக்குப் போகக் கூடாது. வார்னர் பயந்தது. இயக்குநருக்குச் சொல்லாமலேயே எடிட்டர் டேவிட் வைஸ்பார்ட்டை வைத்துப் படத்தை வெட்டியது. 12 இடங்களில், எல்லாம் சேர்த்து மூன்று நான்கு நிமிடங்கள். கசானுக்குத் தெரியவந்தபோது நேரம் கடந்துவிட்டது. 1951 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதி நடந்ததை ஊரறியச் சொன்னார். ஓர் இயக்குநர் சொந்த ஸ்டூடியோவைப் பற்றி அப்படி எழுதுவது அன்று சிறிய துணிச்சல் இல்லை.

வெட்டியவை நிமிடக் கணக்கில் சிறியவை. செய்தித்தாள் பணம் வாங்க வரும் பையனிடம் பிளான்ச் சொல்லும் வரியில், முத்தம் உதட்டில் என்று வரும் மூன்று ஆங்கிலச் சொற்கள் போயின. பலாத்காரத்துக்குச் சற்று முன் ஸ்டான்லி சொல்லும் ஒரு வரி போனது. அது போனதும் அவன் எண்ணம் எங்கே பிறந்தது என்ற தடயமும் போனது. ஆனால் பெரிய சேதம் மாடிப்படியில் நடந்தது.

எல்லோருக்கும் தெரிந்த காட்சி அது. குடித்துவிட்டு, கர்ப்பிணி மனைவியை அடித்த ஸ்டான்லி, சட்டை கிழிந்து முற்றத்தில் நின்று "ஸ்டெல்லா!" என்று அலறுகிறான். மாடியில் ஒளிந்திருந்த ஸ்டெல்லா கதவைத் திறந்து மெதுவாகப் படியிறங்குகிறாள். கசான் இதைக் கிம் ஹன்டரின் முகத்துக்கு மிக அருகில் எடுத்திருந்தார். அவள் முகத்தில் மன்னிப்பு இல்லை, இரக்கமும் இல்லை. உடம்பு அழைக்கிறது, அவள் போகிறாள், அவ்வளவுதான். நார்த்தின் இசை அதைச் சொல்ல அஞ்சவில்லை. லீஜனுக்குப் பிடிக்காதது சரியாக இதுதான். அருகிலிருந்த ஷாட்டுகளை எடுத்துவிட்டுத் தள்ளி நின்று எடுத்தவற்றை வைத்தார்கள். இசையை மாற்றிச் சாதுவாக்கினார்கள். படத்தில் இருந்த ஒரே ஒரு திருமண உறவின் காமம், கணவன் மனைவி காமம், அதுதான் அவர்களைப் பயமுறுத்தியது.

என் பார்வையில் கதையின் நியாயமே இந்த ஷாட்டுகளில்தான் இருக்கிறது. ஸ்டெல்லா ஏன் அக்காவை நம்பாமல் போகிறாள், ஏன் அவளை விடுதிக்கு அனுப்புகிறாள் என்ற கேள்விக்குப் பதில் அந்த முகம். அது இல்லாத 1951 பதிப்பில் ஸ்டெல்லா அடிவாங்கியும் பொறுத்துக்கொள்ளும் நல்ல மனைவி; ஆகவே கடைசியில் அவள் மாடிக்கு ஓடும்போது, நல்லவள் விழித்துக்கொண்டாள் என்று நம்பத் தோன்றும். வெட்டிய முகத்தைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தண்டனை முடிவே கேள்விக்குறியாகிறது. அதே படி, அதே மாடி வீடு, அதே அலறல். முன்பு இதே அலறலுக்கு எப்படி இறங்கி வந்தாள் என்று நாம் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம். இந்த முறையும் வருவாள் என்று நினைக்காமல் இருக்க முடியாது. பிரீனுக்காகச் சேர்த்த முடிவைக் கசானின் படிக்கட்டு உள்ளிருந்தே கலைத்துவிடுகிறது. அவர் அதைத் திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, வெட்டியவர்கள் அந்தப் பொருளையும் சேர்த்தே வெட்டினார்கள்.

பிறகு

1951 செப்டம்பரில் படம் வெளியானது. வெனிஸ் விழாவில் லீக்குச் சிறந்த நடிகை விருது. ஆஸ்கரில் 12 பரிந்துரைகள். லீ, ஹன்டர், மால்டன் மூவரும் வென்றார்கள். நடிப்புக்கு ஒரே படம் மூன்று ஆஸ்கர் வாங்கியது அதுவே முதல் முறை. பிராண்டோ மட்டும் ஹம்ஃப்ரி போகார்ட்டிடம் தோற்றார். அநியாயம் என்று பலர் சொல்வார்கள். நானோ இதில் ஒரு பொருத்தத்தைப் பார்க்கிறேன்: மேடையில் மற்றவர்களை மறைத்தவர், திரையில் மற்ற மூவருக்கும் இடம்விட்டு நின்றதற்கு அந்த முடிவே சான்று.

ஆஸ்கர் விழா முடிந்த சில வாரங்களில், 1952 ஏப்ரலில், கசான் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தன் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்னார். அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. ஹன்டர் கறுப்புப் பட்டியலில் சிக்கி, கையில் ஆஸ்கரோடு சினிமா வாய்ப்பில்லாமல் இருந்தார். லீயின் கதை இன்னும் வேதனை. பிளான்ச் தன்னைப் பைத்தியத்துக்குள் தள்ளிவிட்டாள் என்று அவரே பின்னாளில் சொன்னார். 1953-ல் 'எலிஃபன்ட் வாக்' படத்துக்காக இலங்கைக்கு வந்தவர், அந்தப் படப்பிடிப்பின்போதே மனநிலை குலைந்து விலக நேர்ந்தது. எலிசபெத் டெய்லர் அந்த வேடத்தை எடுத்துக்கொண்டார். தொலைவில் எடுத்த சில ஷாட்டுகளில் இன்றும் லீதான் நடந்துபோகிறார். டாண்டி மேடையிலேயே நெடுங்காலம் வாழ்ந்து, 80 வயதில் 'டிரைவிங் மிஸ் டெய்சி' படத்துக்காகத் தன் ஆஸ்கரை வாங்கினார்.

வெட்டிய துண்டுகள் அழியவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து வார்னர் கிடங்கில் கிடைத்து, நார்த்தின் அசல் இசையோடு சேர்த்து 1993-ல் படம் மீண்டும் வெளியானது. இப்போது டிஸ்க்கில் பெரும்பாலும் கிடைப்பது 125 நிமிடம் ஓடும் அந்தப் பதிப்புத்தான். பழைய பதிப்பை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தேடிப் பாருங்கள். ஹன்டர் படியிறங்கும் காட்சியில் கேமரா எவ்வளவு அருகில் போகிறது என்பதை வைத்தே எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.